மும்பையில் இல்லறக் கணக்கு

பொருள் தேடிப் பிறந்த ஊரைவிட்டுப் பெயர்வது தமிழருக்குப் புதியதன்று. கப்பலேறிச் சென்றவர்களும் உண்டு. ரயிலேறிச் சென்றவர்களும் உண்டு. அவ்வாறு ரயிலேறி வந்தவர்களுள் பெருந்தொகையினரை ஏற்றுக்கொண்ட நகரம் மும்பை. 1995-ஆம் ஆண்டு வரை பம்பாய் என்று வழங்கிய இந்நகரில் தலைமுறை தலைமுறையாக நாம் வாழ்ந்து வருகிறோம். எவ்வாறு சம்பாதிக்கிறோம் என்பதை நாம் அடிக்கடி பேசுகிறோம். எவ்வாறு செலவிடுகிறோம் என்பதைச் சற்றுக் குறைவாகப் பேசுகிறோம். அச்செலவில் நம் உடலுக்கும் ஓய்வுக்கும் பங்கு உண்டா என்பதை அநேகமாகப் பேசுவதே இல்லை. அதைக் குறித்துச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

முதலில் நாம் குடியிருக்கும் இடங்களை நோக்குவோம். தாராவியில் 1887-ஆம் ஆண்டிலேயே தோல் பதனிடும் ஆலை ஏற்பட்டது. அத்தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் அங்கே வேரூன்றினர். மாதுங்காவின் வரலாறு வேறு. 1896-ஆம் ஆண்டு இந்நகரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் பற்றியது. காற்றும் வெளிச்சமும் இன்றி நெருக்கமாகக் கட்டப்பட்ட வீடுகளில் நோய் மிகுந்ததைக் கண்ட அரசினர், 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்டு ஒன்றை நிறுவினர். அகன்ற சாலைகளும் தோட்டங்களும் அமையுமாறு அந்த டிரஸ்டு திட்டமிட்ட பகுதிகளுள் தாதர்–மாதுங்காவும் ஒன்று. அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் பணிபுரிந்த தென்னாட்டவர் பலர் அங்கே குடியேறினர். செம்பூரில் தமிழர் பெருகியது பெரும்பாலும் விடுதலைக்குப் பின்னரே. 1954-ல் அருகிலுள்ள டிராம்பேயில் அணுசக்தி நிலையம் தொடங்கப்பெற்றது. அதை ஒட்டிய ஆண்டுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் எழுந்தன. அவற்றில் வேலை பெற்றவர்களுக்குச் செம்பூர் வாழிடமாயிற்று.

மூன்று இடங்களிலும் வாழ்க்கைநிலை ஒன்றல்ல. தாராவியில் ஒரே அறையில் ஐவர் வாழ்வர். மாதுங்காவில் மூன்றறை வீட்டில் இருவர் வாழ்வர். ஆயினும் மூன்றுக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. நம்முள் பலருடைய வருவாய் இரண்டு அடுப்புகளை எரிக்கிறது: ஒன்று இங்கே, மற்றொன்று ஊரில். பெற்றோரின் மருந்துச் செலவு, தங்கையின் திருமணம், தம்பியின் படிப்பு, குலதெய்வத்துக் கொடை, பாதியில் நிற்கும் வீட்டின் மேல்தளம் ஆகிய யாவும் இங்குள்ள ஒருவரின் சம்பளத்தையே எதிர்நோக்கி இருக்கின்றன. இது நம் பெருமையே, குறை கூறத்தக்கதன்று. ஆனால் அப்பணத்தை ஈட்டும் உடல் எப்படி இருக்கிறது என்று கேட்பார் இல்லாமல் போவதுதான் குறை.

ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் இது விளங்கும். வாடகை, மளிகை, பால், ரயில் பாஸ், பள்ளிச் சம்பளம், சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்பியது ஆகிய எல்லாம் அதில் இருக்கும். வைத்தியம் என்னும் சொல் மட்டும் யாராவது படுத்துவிட்ட மாதத்தில்தான் தோன்றும். ஓய்வு, பொழுதுபோக்கு என்னும் சொற்கள் தோன்றவே மாட்டா. அதாவது, மற்ற செலவுகளையெல்லாம் முன்கூட்டித் திட்டமிடும் நாம், உடலுக்கான செலவை மட்டும் கேடு வந்த பின்னர் கடன் வாங்கிச் செய்கிறோம். முன்னர் நூறில் முடியக் கூடியது பின்னர் ஆயிரத்தில் முடிகிறது.

அப்படியானால் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி எழும். அதற்கு விடை பெரும்பாலும் நம் செலவுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 2023-24-ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புறக் குடும்பம் செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறக்குறைய 40 ரூபாய் உணவுக்குச் செல்கிறது. அதில் 11 ரூபாய் அளவுக்குப் பானங்களுக்கும் சிற்றுண்டிக்கும் பொட்டலத்தில் வரும் தின்பண்டங்களுக்கும் போகிறது. அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்கு ஆகும் செலவைவிட இது அதிகம்! நாள்தோறும் நிலையத்து வாயிலில் இரண்டு தேநீர், ஒரு வடா பாவ், வீடு திரும்புகையில் பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் என்று போகும் காசு கையில் நிற்பதுமில்லை, உடலில் சேர்வதுமில்லை. இதை அறவே விடவேண்டும் என்பதன்று. நண்பரோடு நின்று தேநீர் அருந்துவதும் ஒரு சிறு இன்பமே. வாரத்துக்கு எத்தனை முறை என்று நாமே வரையறுத்துக்கொண்டால், மீதியில் வீட்டுக்கு முட்டையும் பழமும் வாங்கலாம்.

அடுத்தது சீட்டு. தமிழர் வாழும் இடமெல்லாம் சீட்டும் உண்டு. ஏலச் சீட்டின் கணக்கைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். இருபது பேர் மாதம் 2,500 ரூபாய் கட்டினால் சீட்டுத் தொகை 50,000 ரூபாய். அவசரத் தேவையுள்ள ஒருவர் 10,000 ரூபாய் தள்ளி 40,000-க்கு ஏலம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி நடத்துநருக்குரிய தரகு, சீட்டுத் தொகையில் 7 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. 2021-ல் திருத்தப்பெறும் வரை அது 5 விழுக்காடாக இருந்தது. ஆகவே 3,500 ரூபாய் தரகு போக எஞ்சும் 6,500 ரூபாய், ஆளுக்கு 325 ரூபாயாக இருபதின்மருக்கும் பிரிகிறது. இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகும். முதலில் எடுப்பவருக்குச் சீட்டு ஒரு கடன். தள்ளிய தொகையே அதன் வட்டி. கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. திருமண வீட்டின் ஆடம்பரத்துக்காக முதல் மாதமே தள்ளி எடுப்பவர், தாம் கடன் வாங்குகிறோம் என்பதை உணர்வதில்லை.

சீட்டு நடத்துபவர் நம் ஊர்க்காரர் என்பது மட்டும் போதிய உறுதியாகாது. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பெற்றதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை. முழுச் சேமிப்பையும் சீட்டிலேயே போடாமல், ஒரு பகுதியை வங்கியிலோ அஞ்சலகத்திலோ வைப்பது நலம். ஒரு வங்கியில் ஒருவர் வைத்திருக்கும் பணத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு 2020 முதல் உண்டு. மேலும், வங்கிக் கணக்கு உள்ளவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்ச ரூபாய்க்கான விபத்துக் காப்பீடும், 50 வயதுக்கு உட்பட்டவர்கள் 436 ரூபாயில் அதே தொகைக்கான ஆயுள் காப்பீடும் பெறலாம். ரயிலில் தொங்கியபடி வேலைக்குச் செல்லும் ஒருவரின் வீட்டுக்கு இது சிறிய பாதுகாப்பன்று. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வேலையும் கூலியும் ஒரே நாளில் நின்றதை நாம் மறக்கவில்லை. மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்திருந்த வீடும், அது இல்லாத வீடும் அந்நாட்களைக் கழித்த விதம் ஒன்றாக இல்லை.

இனி உடல்நலத்துக்கு வருவோம். நெருக்கமான வீடுகளில் முதலில் கருத வேண்டிய நோய் காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அதைத் தூசியின் மீதோ புகையின் மீதோ பழி போட்டுவிட்டு இருந்துவிடலாகாது. சளியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சாதாரணமாக ஆறு மாதம் மருந்து உண்ண வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடல் தேறியவுடன் மருந்தை விட்டுவிடுவோர் பலர். அப்போது எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறி, நோய் முன்னிலும் கொடிதாகத் திரும்புகிறது. ஊர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மாத்திரையையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். நோயாளியின் சத்துணவுக்காக அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. இதை மறைத்து வைக்கும் வீட்டில் நோய் மற்றவர்க்கும் பரவுகிறது. வெளியே சொல்லும் வீட்டில் குணமாகிறது.

மாதுங்காவிலும் செம்பூரிலும் உட்கார்ந்து பணிபுரிவோரை அணுகும் நோய்கள் வேறு. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டென மதிப்பிட்டது. இந்நோயும் இரத்த அழுத்தமும் தொடக்கத்தில் வலியோ காய்ச்சலோ தருவதில்லை. ஆதலால் முப்பது வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதித்துக்கொள்வது நன்று. ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சாம்பாரிலும் ரசத்திலும் உள்ள உப்போடு ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தால் அவ்வளவு எளிதில் மிஞ்சிவிடுகிறது! திருக்குறளில் மருந்து என்று பெயர் பெற்ற அதிகாரம் பெரும்பாலும் உணவு உண்ணும் முறையையே பேசுகிறது என்பதை இங்கே நினைவு கொள்ளலாம்.

வீட்டுப் பெண்களின் உடல்நிலையை நாம் தனியே எண்ண வேண்டும். விடியுமுன் இட்டிலி அவித்து, மிதிவண்டிகளில் நகரெங்கும் அனுப்பி விற்கும் குடும்பங்கள் தாராவியில் பல உள்ளன. நகரம் உறங்கும் வேளையில் அப்பெண்கள் ஆவியின் முன் நிற்கின்றனர். குழாயில் நீர் வரும் சில மணி நேரத்துக்காக விழித்திருப்பவர்களும் அவர்களே. எல்லோரும் உண்ட பின்னர் எஞ்சியதை உண்பவர்களும் அவர்களே. பொதுக் கழிப்பிடத்தை நம்பியிருக்கும் பெண்களுள் பலர், அடிக்கடி வெளியே செல்ல நேருமே என்று அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். அதனால் சிறுநீர்த் தொற்றும் கல்லடைப்பும் நேர்கின்றன. இதற்கு மருந்து மட்டும் போதாது. கழிப்பிடத்தின் விளக்கும் தாழ்ப்பாளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும், இரவில் துணைக்குச் செல்வதும் வீட்டு ஆண்களின் கடமையாகக் கருதப்பட வேண்டும். கீரை, பருப்பு, முட்டை முதலியவற்றில் மனைவிக்கும் மகளுக்கும் உரிய பங்கை முதலிலேயே எடுத்து வைக்கும் பழக்கம் செலவில்லாத வைத்தியம்.

மழைக்காலம் இந்நகரின் மற்றொரு சோதனை. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததும், வெள்ளம் வடிந்த பின்னர் எலிக்காய்ச்சல் பலரைத் தாக்கியதும் பலருக்கு நினைவிருக்கும். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் காலில் புண்ணோடு நடந்தால் அந்நோய் பற்றக்கூடும். வெள்ளத்தில் நடக்க நேர்ந்தவர்கள் வீடு சேர்ந்ததும் சோப்பிட்டுக் கால் கழுவ வேண்டும். காய்ச்சல் கண்டால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல் வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குடிநீருக்காக வைத்திருக்கும் டிரம்மையும் தொட்டியையும் வாரம் ஒரு முறை காலி செய்து தேய்த்து, மூடி வைத்தால் டெங்குக் கொசுவுக்கு இடமிராது.

உதவி பெறும் இடங்களையும் அறிந்திருக்க வேண்டும். தாராவிக்கு அருகே சயானில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில்தான் 1989-ல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி ஏற்பட்டது. இத்தகைய பெரிய மருத்துவமனைக்கு ஒவ்வொரு காய்ச்சலுக்கும் சென்று வரிசையில் நின்று ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. மாநகராட்சி 2022 முதல் திறந்துவரும் ‘ஆப்லா தவாகானா’ என்னும் சிறு மருந்தகங்களில் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். பெரிய நோய்க்கான அரசுக் காப்பீடு, குடும்ப அட்டை எந்த மாநிலத்தில் உள்ளது என்பதைப் பொறுத்தது. அட்டை ஊரிலும் ஆள் இங்குமாக இருக்கும் குடும்பங்கள், தங்களுக்கு எந்த மாநிலத்தின் திட்டம் பொருந்தும் என்பதை நலமாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நன்று. நோயாளியைத் தூக்கி வந்த பின்னர் அட்டையைத் தேடுவது பெருந்துன்பம்.

உடலைப் பேணுவதில் ஓய்வும் அடங்கும். பொழுதுபோக்கு வசதி படைத்தவர்களுக்கு உரியது என்று நம்முள் பலர் எண்ணுகிறோம். நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. 1952-ல் தோன்றிய ஷண்முகானந்த சபை, 1963-ல் சயானில் தன் பேரரங்கைத் திறந்தது. 1990-ல் அரங்கு தீக்கிரையாயிற்று. மீண்டும் எழுப்பி 1998-ல் திறந்தனர். வேலைக்கென வந்த மக்கள் இசைக்கென ஓர் அரங்கை இருமுறை கட்டினார்கள் என்றால், உழைப்புக்குப் பின் உள்ளத்துக்கும் உணவு வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் என்பதே பொருள்.

காசில்லாத பொழுதுபோக்குகளும் உண்டு. மாதுங்காவில் ஐந்து தோட்டங்கள் உள்ளன. செம்பூரில் டயமண்ட் தோட்டம் இருக்கிறது. தாராவியை அடுத்து, முன்னர்க் குப்பை மேடாக இருந்த நிலத்தில் 1994-ல் திறக்கப்பெற்ற மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இன்று மரங்கள் அடர்ந்து, பறவைகள் வந்து தங்கும் இடமாயிருக்கிறது. செம்பூர்ச் சேடா நகரில் உள்ள முருகன் கோயிலின் 108 படிகளை ஏறி இறங்குவது பக்தியோடு உடற்பயிற்சியுமாகும். வாரத்துக்கு 150 நிமிடம் விரைந்து நடந்தாலே பெரியவர்களுக்குப் போதும் என்கின்றனர் வல்லுநர். மாலையில் இரண்டு நிலையங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை நடந்து வந்தாலும் அக்கணக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

வீட்டுக்குள் கிடைக்கும் ஓய்வும் இதைச் சேர்ந்ததே. ஓர் அறையில் பலர் வாழும்போது, ஒருவருடைய பொழுதுபோக்கு மற்றவருடைய தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது. இரவுப் பணி முடித்து வந்தவர் உறங்கும் நேரம், பிள்ளைகள் படிக்கும் நேரம், தொலைக்காட்சி ஓடும் நேரம் என்று வீட்டினர் கூடிப் பேசி வகுத்துக்கொண்டால் சச்சரவு குறையும். இடத்தைப் பெரிதாக்க நம்மால் முடியாது; நேரத்தைப் பங்கிட முடியும். ஊரிலிருந்து அழைத்து வந்த வயது முதிர்ந்த பெற்றோர், இந்தியும் மராத்தியும் அறியாமல் நான்கு சுவர்களுக்குள் நாள் முழுதும் இருக்கின்றனர். அவர்களைக் கோயிலுக்கோ, தமிழ் பேசும் அண்டை வீட்டுக்கோ நாள்தோறும் அனுப்பி வைப்பது மாத்திரைக்கு ஒப்பான மருந்து. பேரப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தால் இருவருக்கும் நன்மை. தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி இது. ஆயினும் ஆங்கிலப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் பலருக்குத் தாத்தாவும் பாட்டியும்தான் தமிழ்ப் பள்ளிக்கூடம்.

முடிவாக, கணக்குக்கே திரும்புவோம். மாதம் 30,000 ரூபாய் வருவாயுள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சம்பளம் வந்த நாளிலேயே அதில் பத்தில் ஒரு பங்கான 3,000 ரூபாயைத் தனியே எடுத்து வைக்கட்டும். 1,500 ரூபாய் உடலுக்கு: சோதனை, மூக்குக் கண்ணாடி, பல் வைத்தியம், பால், முட்டை, பழம். 1,000 ரூபாய் எதிர்பாராத நாளுக்கான கையிருப்புக்கு. 500 ரூபாய் குடும்பத்தினர் கூடி மகிழ்வதற்கு: ஒரு கச்சேரி, ஒரு புத்தகம், மாதுங்காவில் ஒரு வேளைச் சிற்றுண்டி. வருவாய் குறைந்த வீட்டில் தொகையும் குறையலாம், வரிசை மாறலாகாது. மற்ற செலவுகள் போக மிஞ்சினால் உடலுக்கு என்று இருந்தால், எந்த மாதமும் மிஞ்சாது.

இதனால் ஊருக்கு அனுப்பும் பணம் சிறிது குறையலாம். ஊரில் எழும் வீடு ஓராண்டு தாழ்த்து முடியலாம். பெற்றோருக்குக் காரணத்தை எடுத்துச் சொன்னால், மகன் மெலிந்து உழைத்து விரைவில் வீடு கட்டுவதைவிட, அவன் நலத்தோடு வந்து அவ்வீட்டில் குடியிருப்பதையே அவர்கள் விரும்புவார்கள். இந்த மாதக் கணக்கை எழுத உட்காரும்போது, வாடகைக்கு மேலே முதல் வரியாக உடல்நலம் என்று எழுதி, அதற்கு நேரே ஒரு தொகையையும் குறிப்போமாக.